நான்கு கணினிகளும் ஒரு வாணி விழாவும்

தோட்டத்தில் புதிய பிள்ளைக்காம்பரா கட்டி முடிந்ததும் பழையது காலியாயிற்று. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் சென்ற அந்த நீண்ட அறையில், தொட்டில்கள் தொங்கிய இரும்புக் கொக்கிகளை எவரும் கழற்றவில்லை. அவற்றின் கீழேதான் நாங்கள் நான்கு மேசைகளைப் போட்டு நான்கு கணினிகளை வைத்தோம். ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பாதையில், பஸ் முக்கித் திரும்பும் ஒரு முடக்குக்குக் கீழே இருந்தது, தோட்டத்தின் ஒரு பிரிவான அந்த டிவிசன். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. போர் ஓய்ந்திருந்த இடைவெளியில், கொழும்பிலிருந்து நிறுவனங்கள் பல மலையேறி வந்து எதையாவது கொடுத்துவிட்டுப் போன காலம். அவற்றுள் ஒன்று, தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினிகளை எங்களுக்குத் தந்திருந்தது.

நான் அந்தத் திட்டத்தின் இணைப்பாளர். தோட்டத் தொழிலாளரின் லயத்தில் பிறந்து, சமூகவியலில் பட்டம் பெற்று, பதுளையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். படித்தவள் திரும்பி வந்தால் ஏதாவது மாறும் என்று நம்பியவர்களுள் நானும் ஒருத்தி. கணினி எனக்குத் தொழில் அல்ல. விலைகொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளுக்கு எங்களிடம் வழியில்லாததால், என்னோடு படித்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் லினக்ஸ் வட்டுகளைத் தந்து, அதை எப்படிப் போடுவது என்பதையும் காட்டிக் கொடுத்தார். தமிழில் தட்டச்சு செய்வதற்கான விசையமைப்பை நானே பொருத்தினேன். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அவற்றுள் ஒன்று, விசைப்பலகையின் ஓரத்தில் இருக்கும் ஷிப்ட். இயந்திரம் தொடங்கும்போதே தமிழும் தயாராக வந்து நிற்கும்படி அந்த அமைப்பை எழுதி வைத்திருந்தேன். அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

பிள்ளைகளுக்குக் கற்பித்தவள் அந்த டிவிசனிலேயே பிறந்த ஒரு பெண். உயர்தரம் படித்து முடித்திருந்தாள். அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். தகப்பன் இறந்து பல காலமாகியிருந்தது. தோட்டத்தில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு: லயத்தில் குடியிருக்கக் காம்பரா வேண்டுமென்றால் அந்தக் காம்பராவிலிருந்து ஓர் ஆளாவது வேலைக்குப் போக வேண்டும். தாய் நின்றால் மகள் தொழிலாளியாகப் பேர் பதிய வேண்டும். 'மகளை எப்பப் பேர் பதியப் போற?' என்று கணக்கப்பிள்ளை, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் வைத்தே கேட்கத் தொடங்கியிருந்தார். கணினி நிலையத்தில் அவள் வேலை செய்யும்வரை அந்தக் குடும்பத்துக்குத் தொந்தரவு கொடுப்பதில்லை என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் பேசி வாக்கு வாங்கியிருந்தேன். அந்த வாக்கு நிலையம் இருக்கும்வரைதான் செல்லும். நிலையமோ பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. தவணை முடிவில் நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். திருப்தி என்றால் கணினிகள் அங்கேயே இருக்கும், அவளுக்கும் நிரந்தரமாகச் சம்பளம் கிடைக்கும். இல்லையென்றால் நான்கும் பதுளைப் பாடசாலை ஒன்றுக்குப் போய்விடும்.

ஆகவே அந்த நான்கு இயந்திரங்களும் ஒவ்வொரு காலையிலும் ஒழுங்காகத் தொடங்க வேண்டும் என்பது அவளைப் பொறுத்தவரை வெறும் தொழில்நுட்ப விடயமன்று. அவள் தலையில் கூடைக்கயிறு ஏறுமா இல்லையா என்பது அதில் இருந்தது.

நிறுவனத்து ஆட்கள் வரவிருந்த மாதத்திலேயே வாணி விழாவும் வந்தது. எங்கள் பகுதியில் ஆயுத பூசை என்றால் அது முதலில் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான். தேயிலை அரைக்கும் ரோதைகளுக்கும், பொயிலருக்கும், லொறிக்கும், தராசுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரிகடலை படைப்பார்கள். பிறகு லயத்தில் கத்தி, கூடை, தையல் மெசின், நாற்றுத் தவறணைக்காரரின் முள்ளுக்கரண்டிவரை பொட்டு ஏறும். அந்த ஆண்டு கணினிகளுக்கும் பூசை செய்ய வேண்டும் என்று தாய் பிடிவாதம் பிடித்தார்.

"எம்மகளுக்குச் சோறு போடுற மிசினுங்க. அதுக்குப் பூசை இல்லாம எப்பிடிங்க மிஸ்?"

அவர் மறுப்புக்கு இடம் வைத்துக் கேட்கவில்லை. நானும் மறுக்க நினைக்கவில்லை. கடைச் சந்தன வில்லைகளைப் பன்னீரில் குழைத்து, எவர்சில்வர் கிண்ணம் நிறையக் கொண்டுவந்திருந்தார். ரோதைக்குப் பூசும் அதே பக்குவம். களி போலக் கெட்டியாக இருந்தது. திரைகளுக்கும் பெட்டிகளுக்கும் பட்டையாகப் பூசிவிட்டு விசைப்பலகையிடம் வந்து நின்றார்.

"என்னடி இது, சோளக்கொண்டை மாதிரி பல்லுப் பல்லா இருக்கு? பொட்டு எங்க வைக்கிறது?"

"அதுக்கு வேணாம்மா. விடு."

"விடுறதா? நீ தெனமும் தட்டுறது இதைத்தானே? வேலை செய்யுற கையை விட்டுட்டு மூஞ்சிக்கு மட்டும் பொட்டு வைப்பாங்களா?" என்றவர், நடுவில் நீண்டு கிடந்த இடைவெளிக் கட்டையின் மேல் விரலைக் கொண்டுபோனார்.

"ஐயோ, அங்க வேணாம். எப்பவும் கை படும், அழிஞ்சிரும். ஓரத்துல வையி. இந்தா, இது அகலமா இருக்கு பாரு."

மகள் காட்டியது இடது ஓரத்து ஷிப்ட். தாய் அதன்மேல் மனநிறைவோடு ஓர் உருண்டை சந்தனத்தை அப்பி, அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தார். அடுத்த மேசைக்கு நகர்ந்து அங்கும் அதே இடத்தில் அதே அளவு. அதன்பின் மூன்றாவது, நான்காவது. "ஒண்ணுக்குக் கூடக்கொறைச்சலா வச்சா மத்ததுக்குக் கோவம் வரும்ல?" என்று அவர் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். கும்பிட்டோம். பொரிகடலை தின்றோம். பூசை வைத்த பொருளை அன்று தொடக்கூடாது என்பதால் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியேறினோம். அடுத்தடுத்து விடுமுறை நாட்கள் வந்தன. மழையும் பனியும் அந்த வாரம் பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரையை விட்டு இறங்கவில்லை.

விடுமுறை முடிந்து நான் வழக்கமான நாளில் போனபோது, அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள போக விட மாட்டேங்குது மிஸ்."

"எது?"

"நாலுமே. பாஸ்வேர்ட் பிழைங்குது. நான் சரியாத்தான் அடிக்கிறேன்."

கடவுச்சொல் தட்டும் இடத்தில் எழுத்துகள் தெரியாது, புள்ளிகள்தான் விழும். ஆகவே என்ன தவறு என்பதைக் கண்ணால் காண வழியில்லை. பெயர் எழுதும் இடத்தில் தட்டிப் பார்த்தேன். சிற்றெழுத்து வரவேண்டிய இடத்தில் பேரெழுத்து வந்தது. இலக்கங்களைத் தட்டினால், அவற்றின் தலையில் இருக்கும் குறிகள் வந்தன. பேரெழுத்துப் பூட்டை அழுத்தினால் மாறாகச் சிற்றெழுத்து வந்தது. அந்தத் தந்திரத்தால் உள்ளே நுழைந்துவிட்டோம். ஆனால் சில வினாடிகளில் பெட்டியிலிருந்து 'பீப்' என்று ஒரு மெல்லிய ஒலி எழுந்தது. அதன்பின் எந்த விசையைத் தட்டினாலும் எழுத்தே வரவில்லை. எப்போதாவது ஒன்று, தூக்கத்தில் முனகுவதுபோல, தாமதமாக வந்து விழுந்தது. நான்கு இயந்திரங்களிலும் இதே கதை.

ஷிப்ட் விசை ஒட்டிக்கொண்டதோ என்ற ஐயம் எனக்கு வராமல் இல்லை. வந்தது. அதைச் சோதிக்கவும் செய்தேன். முதல் கணினியின் விசைப்பலகையைக் கழற்றி இரண்டாவதில் பொருத்தினேன். இரண்டாவதை மூன்றாவதில், மூன்றாவதை நான்காவதில், நான்காவதை முதலாவதில். எந்தப் பலகையை எங்கே மாற்றினாலும் கோளாறு மாறவில்லை. அழுத்திப் பார்த்தால் அந்த விசை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது உண்மைதான். மலை ஈரத்தில் எங்கள் வீட்டுக் கதவும், அலுமாரியும், குடைக் கம்பியும்கூட இறுகித்தான் போகும். பொட்டு அங்கேயே இருந்தது. காய்ந்து, ஓரம் வெடித்து, மஞ்சளாக இருந்தது. மேலே உதிர்ந்ததை மட்டும் அவள் துணியால் மெல்லத் தட்டிவிட்டிருந்தாள். சாமிக்கு வைத்த பொட்டைச் சுரண்டி எடுப்பது எங்கள் வழக்கமன்று. அது தானாகத் தேய்ந்து போக வேண்டும். பிறந்தது முதல் வாசற்படியிலும், பஸ்ஸின் நெற்றியிலும், அரிவாளிலும் பொட்டைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அது அந்தப் பொருளின் மீது வேறு ஒரு பொருள் ஒட்டியிருப்பதாகத் தெரிவதில்லை. அந்த விசையை நான் பலமுறை உற்றுப் பார்த்தேன். பொட்டைப் பார்க்கவில்லை.

பதுளைக்கு இறங்கிவந்து, தொலைபேசி எடுக்கும் கடையொன்றிலிருந்து நண்பரை அழைத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"கீபோர்ட்டை மாத்திப் பாத்தனீரோ?"

"பார்த்தேன். நாலையும் மாத்திட்டேன்."

"அப்ப கீபோர்ட் இல்லை. நாலு கீபோர்ட்டும் ஒரே நாளில பழுதாகுமே? நீர்தானே தமிழைப் போட்டு செற்றிங்ஸை மாத்தினனீர்? தொடங்கேக்க அதைத்தான் அது வாசிக்குது. முதல்ல அதைக் கழட்டிப் பாரும்."

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. நான்கு வெவ்வேறு பொருள்கள் ஒரே நாளில் ஒரே விதமாகக் கெட்டால், நான்குக்கும் பொதுவான ஒன்றைத்தான் தேட வேண்டும். பொதுவானது நான் எழுதிய அமைப்பு. பொதுவான இன்னொன்றும் இருந்தது. ஒரு தாயின் பாரபட்சமற்ற விரல். அது எங்கள் இருவர் கணக்கிலும் வரவில்லை.

அடுத்த நாட்களில் நான் பதுளைக்கும் தோட்டத்துக்கும் இடையே அலைந்தேன். விசைகள் வேலை செய்யாததால், சுட்டியைக் கொண்டே கோப்புகளைத் திறந்து, வரிகளைத் தெரிவுசெய்து நீக்க வேண்டியிருந்தது. முதலில் நீக்கியது தமிழைத்தான். விசைப்பலகையின் மொழி என்ற இடத்தில் நான் சேர்த்திருந்ததை எடுத்துவிட்டு, ஆங்கிலத்தை மட்டும் விட்டேன். எந்தச் சந்தேகத்திலும் முதலில் வெளியேற்றப்படுவது தமிழரான நாம்தான் என்று அவளிடம் கசப்போடு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மீண்டும் தொடக்கினோம். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மழைபோல ஓடின. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே நுழையும் திரை வந்தது. பேரெழுத்து. 'பீப்'. மௌனம்.

இரண்டு விசைகளால் மொழி மாறும் வசதியை நீக்கினேன். பலகையின் வகையை மாற்றினேன். ஒரு கணினியில் எல்லாவற்றையும் அழித்து, வட்டிலிருந்து புதிதாகவே போட்டேன். அதுவும் தொடங்கிய சில நிமிடங்களில் பழைய நோயோடு எழுந்து உட்கார்ந்தது. புதிதாகப் போட்டதிலும் கோளாறு இருக்கிறது என்றால் அமைப்பில் பிழையில்லை என்பதை அப்போதாவது நான் உணர்ந்திருக்கலாம். ஆனால் வட்டே பழுது என்று நினைத்தேன். நம்பிக்கை இழந்த மனம் காரணங்களைக் கூட்டிக்கொண்டே போகும், ஒன்றையும் கழிக்காது.

மாலையில் பிள்ளைகள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தாய் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலே வந்து எட்டிப் பார்ப்பார்.

"என்னங்க மிஸ், இன்னும் மொரண்டு பிடிக்குதா?"

"சரியாயிரும்."

"சரியாயிரும். சாமி இருக்கு. பூசை போட்டிருக்கம்ல?"

மகள் அப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காரணம் அறிந்தல்ல, தாயின் நம்பிக்கையை நேருக்கு நேர் பார்க்க அவளால் அப்போது முடியவில்லை என்று நினைக்கிறேன்.

சொன்ன நாளில் கொழும்பு ஆட்கள் வந்தார்கள். வேனை மேலே முடக்கில் நிறுத்திவிட்டு, சேறு படிந்த படிகளில் கவனமாக இறங்கினார்கள். துரையும் உடன் வந்தார். பேசியவர் ஓர் அதிகாரி, தமிழர், மரியாதையானவர். தொட்டில் கொக்கிகளை நிமிர்ந்து பார்த்து, "இந்த இடத்திலயா பிள்ளைகள் தூங்கினது?" என்று கனிவோடு கேட்டார். கொடியவர் ஒருவர் வந்து எங்களைத் தோற்கடித்திருந்தால் எனக்கு இன்று சற்று எளிதாக இருந்திருக்கும்.

கோளாறு இருப்பதை நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்றார். "அவங்களை ஏதாவது அடிச்சுக் காட்டச் சொல்லுங்களேன். ஒரு வரி போதும்."

அவள் அமர்ந்தாள். தமிழை நான்தான் நீக்கியிருந்தேனே. ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். பேரெழுத்துப் பூட்டை அழுத்தி உள்ளே நுழைந்தாள். 'பீப்'. பயத்தில் அவள் விரல் முதல் விசையின்மேல் அப்படியே அழுந்தி நின்றுவிட்டது. நெடுநேர அழுத்தத்துக்குப் பின் ஓர் எழுத்து திரையில் விழுந்தது. அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை என்னால் மறக்க முடியவில்லை. உடனே தன் வழக்கமான வேகத்தில் பத்து விரல்களாலும் தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. நிறுத்தினாள். மறுபடி ஒரு விரலால் அழுத்திப் பிடித்தாள். ஓர் எழுத்து வந்தது. பின்னால் நின்றவர்கள் அனைவருக்கும் அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதை அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதிலிருந்து அறிந்தேன். எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டும் ஒருத்தியை நாங்கள் பயிற்றுநர் என்று அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தோம்.

"கைப் பழக்கம் கொஞ்சம் குறைவோ?" என்று அதிகாரி மெதுவாக என்னிடம் கேட்டார்.

"இல்லை சேர். மிசின்தான். அவங்க நல்லா அடிப்பாங்க."

"நான் குறை சொல்ல வரல்ல மிஸ். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு சின்னக் கோளாறு வந்தா நாலும் நிக்குது. திருத்த ஆளில்ல. டவுன்ல எண்டா ஒரு ஆள் வந்து பாப்பான். இங்க யார் வருவாங்க?"

துரை தலையசைத்தார். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, யாரும் சொல்லாமலே நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, பிள்ளைகள் நிற்கும் இடத்தில் போய் நின்றாள்.

முடிவு சில நாட்களில் வந்தது. கணினிகள் பதுளைக்குப் போகும். லொறி வருவதற்கு முந்திய நாள், அவற்றைத் துடைத்துச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். "டவுன் பிள்ளைங்க பார்த்துட்டு, தோட்டத்துல இருந்து வந்தது அழுக்கா இருக்குன்னு சொல்லக்கூடாது மிஸ்." திரைகளைத் துடைத்தோம். வயர்களைச் சுற்றிக் கட்டினோம். அவள் ஒரு விசைப்பலகையை மடியில் வைத்து, கொண்டை ஊசியால் விசைகளுக்கிடையே இருந்த தூசியை எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசி அகலமான அந்த விசையின் அடியில் சிக்கிக்கொண்டது. நெம்பினாள். விசை கழன்று தரையில் விழுந்தது.

அதன் அடியில், விசையைத் தாங்கும் கம்பியைச் சுற்றி, அதை மேலெழ விடாமல், சிமெந்து பூசியதுபோல மஞ்சளாக ஒரு கட்டி இருந்தது. நடுவே சிவப்பு. அவள் ஊசியால் சுரண்டி, விரலில் வைத்து, முகர்ந்து பார்த்தாள்.

"சந்தனம் மிஸ்."

நான் இரண்டாவது பலகையைத் திறந்தேன். பின் மூன்றாவது, நான்காவது. ஒன்றுக்கும் கூடவில்லை, ஒன்றுக்கும் குறையவில்லை. வெந்நீரும் பழைய பல்தூரிகையும் கொண்டு நான்கையும் கழுவினாள். அடுப்படியில் வைத்து ஈரம் போக்கினாள். ஒன்றை மட்டும் பொருத்திக் கணினியைத் தொடக்கினோம். கடவுச்சொல்லை அது முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. 'பீப்' ஒலி வரவில்லை. அவள் நின்றபடியே ஒரு வரி அடித்தாள். எழுத்துகள் அவள் விரல்களுக்குப் பின்னால் ஓடி வந்தன. பிறகு அவளே அணைத்தாள்.

ஷிப்ட் விசை சில வினாடிகள் தொடர்ந்து அழுத்தப்பட்டால், தட்டுபவரின் கை நடுங்குகிறதோ என்று எண்ணி, நீண்ட அழுத்தத்தை மட்டுமே எழுத்தாக ஏற்கும் ஒரு வசதி அந்த இயந்திரத்தில் இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இயலாதவர்மேல் இரக்கம் கொண்டு யாரோ செய்து வைத்தது. தாய் நன்றியினால் பூசினார். மகள் அந்தப் பொட்டு அழியக்கூடாதென்று இடம் காட்டினாள். இதில் ஒரு கெட்ட எண்ணத்தையாவது கண்டுபிடிக்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்று பல காலம் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. நல்லெண்ணத்தின் விளைவுகளை எடைபோட, நான் படித்த படிப்பில் ஒரு தராசும் இல்லை.

"நான் இப்பவே டவுனுக்குப் போய் அவருக்குப் போன் பண்றேன்," என்றேன். "காரணம் தெரிஞ்சிருச்சு, எல்லாம் வேலை செய்யுது, இன்னொரு தடவை வந்து பாருங்கன்னு சொல்றேன்."

"என்ன காரணம்னு சொல்லுவீங்க?"

கழுவி வைத்திருந்த பலகை ஒன்றை எடுத்துத் துணியால் துடைக்கத் தொடங்கினேன்.

"கம்பியூட்டருக்குச் சந்தனம் பூசிக் கெடுத்துட்டாங்கன்னு கொழும்புல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. இனி எந்தத் தோட்டத்துக்கும் ஒரு மிசின் வராது மிஸ். 'அவங்க கையில குடுத்தா பொட்டு வச்சிருவாங்க'ன்னுவாங்க."

"வேற காரணம் சொல்லலாம். தூசின்னு சொல்லலாம்."

"தூசியையே பாத்துக்கத் தெரியலன்னா அப்ப நான் எதுக்கு?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதோட, இது சுத்திச் சுத்தி ஒரு நாளைக்கு எங்கம்மா காதுக்கு வந்துரும். அது தாங்காது. சாமி மேல நம்பிக்கை போனாலும் பரவால்ல, அது தன்னையே அடிச்சுக்கும். வேணாம் மிஸ். போகட்டும்."

எடைபோட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம், நான் தொலைபேசியில் பேசினாலும் மாறுவது அரிதான ஒரு முடிவு. பாடசாலையில் அறையே ஒதுக்கியாகிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். மறுபக்கம், அவள் சொன்னவை. அவள் தன் வாழ்க்கையை வைத்து எடுத்த முடிவை மீறும் உரிமை எனக்கு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டேன். இருக்கவில்லை. அடுத்த நாள் லொறி வந்தது. கழுவித் துடைத்த விசைப்பலகைகளை அவளே சாக்கில் சுற்றி ஏற்றினாள். தாய் கொழுந்து மலையில் இருந்தார், பார்க்கவில்லை.

அந்த வருடம் முடிவதற்குள் அவள் பேர் பதிந்தாள். பதுளைப் பாடசாலைக்கு நான் ஒருமுறை போனேன். நான்கு கணினிகளும் நன்றாக வேலை செய்கின்றன என்றார்கள். மேலே பூப்போட்ட துணி போர்த்தி, அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தொட்டுக் கெடுத்துவிடுவார்களாம்.

மறுவருட வாணி விழாவன்று, வேறு ஒரு வேலையாக அந்த டிவிசனுக்குப் போயிருந்தேன். கோயில் முன்றலில் கத்திகளும் கூடைகளும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. தாய் என்னைக் கண்டதும் கிண்ணத்தோடு எழுந்து வந்தார். ஓய்வு பெற்றிருந்தார், விரல் நுனிகளில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை. மகள் சற்றுத் தள்ளி நின்றாள். தலையில் கயிறு பதிந்த இடத்தில் முடி படிந்திருந்தது.

"மிஸ், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த மிசினுங்களுக்கு என்னதாங்க வந்துச்சு? இதுகிட்ட கேட்டா சொல்ல மாட்டேங்குது."

மகள் என்னைப் பார்த்தாள்.

"தொடங்குற செற்றிங்ஸ்ல ஒரு கோளாறுங்க. நான் எழுதினது. எனக்குத் திருத்தத் தெரியல," என்றேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வேற ஒரு நினைப்புங்க. அன்னைக்கு நாலு மிசினுக்கும் பங்கு வைக்கணும்னு சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வச்சேன். கஞ்சத்தனம் பண்ணிட்டேன். அது சாமிக்குப் பத்தலை போல. அதான் இந்தத் தடவை பாருங்க..."

வரிசையின் கடைசியில் இருந்த புதிய கூடையைக் காட்டினார். மகளுடையது. அதன் விளிம்பு முழுவதும், பின்னல்களின் உள்ளே வரைக்கும், சந்தனம் கனமாக அப்பப்பட்டு, மெல்லிய வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"நல்லா இருக்குங்க," என்றேன்.

மகள் குனிந்து, கூடையின் கயிற்றில் வழிந்திருந்ததை மட்டும் ஒரு விரலால் வழித்து, கோயில் தூணில் துடைத்தாள்.